முள்ளுக்கும் காதுக்கும் நடுவில்

என் கடை மின்விசிறி முனகுகிறது என்பதை எனக்குச் சொன்னவர் நர்சம்மாதான். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஜெராக்ஸ், பட்டா, சான்றிதழ், ஆன்லைனில் பொருள் வரவழைத்துத் தருவது என்று எல்லாம் செய்கிற சின்னக் கடை என்னுடையது. பல வருடமாக அந்த விசிறிக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன், ஒரு குறையும் தெரிந்ததில்லை. ஒருநாள் உள்ளே வந்தவர் நாற்காலியில்கூட உட்காராமல் மேலே பார்த்து, "இன்னா தம்பி, இது இப்டி அனத்திக்கினு கீது?" என்றார். அதோடு போயிற்று என் நிம்மதி. அன்றிலிருந்து அது அனத்துவது எனக்கும் கேட்கத் தொடங்கியது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கழற்றி எண்ணெய் விட்டேன், அப்போதும் அனத்தியது. விசிறியையே மாற்றினேன். புதியது வேறு சுருதியில் அனத்துகிறது.

நர்சம்மாவுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆதார் திருத்தத்துக்கு வந்தபோது நானே தட்டச்சு செய்திருக்கிறேன். ஆனால் எங்கள் வட்டாரத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. துணை சுகாதார நிலையத்தில் கிராம செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியவர்களுக்கும் நர்சம்மா, பிள்ளைகளுக்கும் நர்சம்மா. பால்காரர் மாட்டிடம் பேசும்போதுகூட "நவுரு, நர்சம்மா வூட்டுக்கு நேரமாச்சு" என்றுதான் சொல்வார். இப்போது நர்சம்மா மகளோடு ஒரகடம் பக்கம் போய்விட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது.

அடுத்தவர் கேட்டுச் சொன்னதை ஏற்றுக்கொள்ள அவரால் முடியாது. தன் காதில் விழ வேண்டும். "என் காதுல வியட்டும், அப்பால பாக்கலாம்" என்பார். எதிர்க்கடையில் மிக்சி வாங்கப் போனவர் பெட்டியைப் பிரித்து ஓடவிடச் சொன்னார். ஓடியது. அடுத்த பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாடல், என்ன வித்தியாசம் இருக்கப் போகிறது என்று கடைக்காரர் கேட்டார். "ஒரே வயித்துல பொறந்த கொயந்தைங்க கூட ஒரே மாதிரி அயுவுறதில்ல நைனா, பிரி" என்று பதில் வந்தது. கடையிலிருந்த மிக்சி எல்லாவற்றையும் ஓடவிட்டுக் கேட்டு, முதலில் பார்த்ததையே எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் தெருமுனையில் தெரிந்தாலே எதிர்க்கடைக்காரர் சாப்பிடப் போய்விடுவார், காலை பத்து மணியானாலும்.

மகளுக்கு வரன் பார்த்ததும் இப்படித்தான். மாப்பிள்ளையின் போட்டோ வந்தது, சம்பளம் தெரிந்தது, சர்ச்சில் சபைக்காரர்களிடம் விசாரித்து நல்ல பையன் என்றும் சொன்னார்கள். நர்சம்மா "பையன போன்ல பேசச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார். அந்தப் பையன் பாவம், வருங்கால மாமியாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் தன் கம்பெனியில் எந்த வாரம் எந்த ஷிப்ட், கேன்டீனில் எந்தக் கிழமை என்ன சாப்பாடு என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறான். இந்தப் பக்கம் இவர் "ம்" கொட்டாமல் கேட்டிருக்கிறார். முடிந்ததும் போனை மகளிடம் கொடுத்து, "கட்டிக்க. பொய் வராது" என்றார். நல்ல மாப்பிள்ளைதான். இன்றைக்கும் கேன்டீன் பற்றித்தான் பேசுகிறார்.

என் மனைவிக்கு ஏழாம் மாதம் நடந்தபோது எனக்கு நர்சம்மாமேல் ஏற்பட்ட கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். அவரிடம் புனல் மாதிரி ஒரு பழைய கருவி இருந்தது. வயிற்றில் வைத்து மறுமுனையில் காதை வைப்பார். குழந்தையின் இதயத்துடிப்பைக் காட்டும் மெஷின் வந்த பிறகும், அதில் கேட்டதை அந்தப் புனலில் ஒருமுறை சரிபார்க்காமல் எழுதமாட்டார். அன்று ஆடி மாதம், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். புளியமரத்தில் கட்டிய ஸ்பீக்கர் சுகாதார நிலையத்துச் சுவரை அதிர வைத்துக்கொண்டிருந்தது. நர்சம்மா வெளியே வந்து, தெருவைப் பார்த்து, "ஒரு புள்ள நெஞ்ச கேக்கணும், நிறுத்து" என்றார். நிறுத்தினார்கள். கூழுக்கு நின்ற வரிசைகூடப் பேச்சை நிறுத்தியது.

அவர் குனிந்து காதை வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இடத்தை மாற்றி வைத்தார். "காதுல வியல" என்றார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். "இப்டி திரும்பிப் படு" என்றார். பயப்படாதே என்று ஒரு வார்த்தை, சில சமயம் இப்படித்தான் என்று ஒரு பேச்சு, எதுவும் இல்லை. அந்த நேரத்தில் நான் வேண்டாத தெய்வம் இல்லை, நிறுத்தச் சொன்ன ஸ்பீக்கரின் தெய்வத்தையும் சேர்த்து. கடைசியில் நிமிர்ந்து, "கேக்குது" என்றார். ஜன்னல் வழியே வெளியே பார்த்து, "இப்போ போடு" என்றார். பாட்டு மறுபடி அலறியது. ஆறுதல் சொல்லத் தெரியாத கல்நெஞ்சுக்காரி என்று வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன். என் மனைவி, "அவங்க கேக்குதுனு சொன்னா கேக்குது. அது போதும் எனக்கு" என்றாள். அந்தக் குழந்தை இப்போது கல்லூரியில் படிக்கிறது. அதன் குரலைக் கேட்க எந்தப் புனலும் தேவையில்லை.

இப்படிப்பட்டவரிடம் ஓர் இசைத்தட்டு வந்து சேர்ந்தது. ஒரே ஒரு தட்டு.

நர்சம்மாவின் அம்மா காவாந்தண்டலம் பக்கத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். காய்ச்சலில் அவர் இறந்தபோது நர்சம்மா பள்ளியில் சேர்ந்த புதிது. அம்மாவின் முகம் ஒரு கல்யாணப் போட்டோவில், பின்வரிசையில், பாதி மறைந்து இருக்கிறது. குரல் எங்கும் இல்லை. "மொகம் தெரியுது தம்பி. என்ன கூப்புடுவாங்கல்ல, அது எப்டி இருந்துச்சின்னு தான் தெரியல" என்று என் கடையில் ஒருநாள் சொன்னார். ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தலாமா என்று எனக்குத் தோன்றியது. அதற்குள் அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

அந்தக் காலத்தில் அவர்கள் ஊர்ச் சபைப் பெண்களை வேன் வைத்து மெட்ராசுக்கு அழைத்துப் போய்க் கிறிஸ்தவப் பாடல்களைப் பாட வைத்து ஒரு தட்டு போட்டிருக்கிறார்கள். பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர் பெயர் அட்டையில் இருக்கிறது. பெண்களுக்குப் பெயர் கிடையாது, "சபைப் பெண்கள்" என்று மட்டும் போட்டிருக்கிறது. சபையை நடத்திய பழைய உபதேசியார் வீட்டைச் சுண்ணாம்பு அடிக்க ஒழித்தபோது பரணில் அந்தத் தட்டு கிடைத்து, நர்சம்மாவின் அண்ணன் கைக்கு வந்து, அவர் தங்கையிடம் கொண்டுவந்து கொடுத்தார். அவர் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ஆள் பெரிய உருவம், மனசு தண்ணீர். "அம்மா பாடின ரெக்கார்டும்மா" என்று கொடுக்கும்போதே அழுதுவிட்டார்.

"யாரு சொன்னாங்க?"

"எல்லாரும் சொல்றாங்க."

"யாரு கேட்டாங்க?"

ஊரில் அந்தத் தட்டை ஓடவிட்டுக் கேட்டவர் யாரும் உயிரோடு இல்லை. ஆகவே நர்சம்மாவைப் பொறுத்தவரை அம்மா பாடினார் என்பது இன்னும் நடக்கவில்லை. விஷயத்தை மகள் மாப்பிள்ளையிடம் சொல்ல, அவர் மாமியார் ஓய்வு பெற்றதற்குப் பரிசாக ஒரு ரெக்கார்டு பிளேயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். நடுவில் ஒரு பெட்டி வேண்டும் என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

முதலில் வந்தவர் கோயில் திருவிழாவுக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் சவுண்டு போடுகிற ஆள். தன் ஆம்பிளிபயரைத் தூக்கிக்கொண்டு வந்து, பிளேயரின் ஒயரை மைக் சொருகும் துளையில் சொருகினார். பிளேயரிலிருந்து தனியாக ஒரு மெல்லிய ஒயர், முனையில் குட்டிக் கவட்டையோடு, தொங்கிக்கொண்டிருந்தது. எதற்கு என்று தெரியாத ஒயர் எதற்கு என்று அதைக் கத்தரித்துப் போட்டுவிட்டார். முள்ளை வைத்ததும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் வந்தது. "எப்டி கீது சவுண்டு?" என்று காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். நர்சம்மா கேட்டுவிட்டு, "பொம்பளைங்கள காணோம். கொசு தான் பாடுது" என்றார்.

அதன் பிறகுதான் நான் இணையத்தில் படித்து விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். தட்டிலிருந்து முள் எடுக்கிற சத்தம் மிக மிகச் சிறியது. அதோடு, தட்டில் பதிக்கும்போதே தடித்த சத்தத்தை ஒடுக்கி, கீச்சுச் சத்தத்தை ஏற்றிப் பதிக்கிறார்கள். இல்லாவிட்டால் தட்டில் இடம் போதாது. அதைத் திரும்ப நேராக்கி, பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்ப ஒரு பெட்டி வேண்டும். அதற்கு பிரீஆம்ப் என்று பெயர். இதை நர்சம்மாவுக்கு என்னால் முடிந்தவரை விளக்கினேன். அவர் யோசித்தார்.

"அப்போ முள்ளுக்கும் என் காதுக்கும் நடுவுல ஒருத்தன் கைய வச்சி திருத்துறான்."

"ஆமா நர்சம்மா."

"அவன் எப்டி திருத்துறான்னு எனக்குத் தெரியணும்."

பெட்டி வாங்குகிற படலம் அப்படி ஆரம்பித்தது. என் கடை மூலம் ஆன்லைனில் முதல் பெட்டி வந்தது. முள்ளை வைத்தால் பாட்டுக்கு அடியில் "ம்ம்ம்" என்று ஓர் உறுமல். பெட்டி மோசம் என்று திருப்பி அனுப்பச் சொன்னார். வேறு கம்பெனிப் பெட்டி வந்தது. அதே உறுமல், அதே சுருதி. உலகத்தில் பெட்டி செய்கிறவர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று நர்சம்மா முடிவுக்கு வந்திருந்த சமயத்தில்தான், சவுண்டுக்காரர் கத்தரித்துப் போட்ட ஒயர்தான் எர்த் ஒயர் என்று எனக்குத் தெரியவந்தது. ஒட்டுப் போட்டோம். உறுமல் குறைந்தது, போகவில்லை. பார்த்தால் வீட்டுக்கே எர்த் கிடையாது. கட்டிய நாளிலிருந்து கிடையாதாம். கிணற்றடிக்குப் பக்கத்தில் குழி வெட்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி மூடினோம். மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது என்று எலக்ட்ரீஷியன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். நர்சம்மா தினமும் காலையில் துளசிக்கு ஊற்றுகிற மாதிரி அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். பக்கத்து வீட்டுக்காரி, "இன்னா செடி நர்சம்மா, மொளைக்கவே இல்ல?" என்று ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதலிரண்டு பெட்டிகளும் குற்றமற்றவை. அதைச் சொன்னபோது, "அப்போ எனக்குக் கேட்டது எர்த்து. கேட்டது பொய் இல்லையே" என்றார். தோற்றாலும் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் கழனி. கழனிக்காரரின் போர் மோட்டார் ஓடத் தொடங்கினால் உறுமல் லேசாகத் திரும்ப வரும். நர்சம்மா வேலியோரம் போய் நின்று, மத்தியானம் கொஞ்ச நேரம் மோட்டாரை நிறுத்திவைக்கச் சொன்னார். நெல் பால் பிடிக்கிற நேரம். வேறு யார் கேட்டிருந்தாலும் கழனிக்காரர் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார். ஆனால் அவருடைய பிள்ளைகள் எல்லாரும் நர்சம்மா கையில் பிறந்தவர்கள். நிறுத்திவிட்டு, வரப்பில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்.

அடுத்து வந்தது ஒரு சின்ன அலுமினியப் பெட்டி. சோப்பு டப்பா மாதிரி இருக்கும், ஒரு விளக்குகூடக் கிடையாது. அதில் முதன்முறையாக உறுமல் இல்லாமல் பாட்டு கேட்டது. பெண்கள் பாடினார்கள். கூடவே ஜால்ராவும் கேட்டது. கேட்டது என்றால், ஆணி அடிக்கிற மாதிரி கேட்டது. ஒவ்வொரு தட்டும் காதுக்குள் இறங்கியது. அதைவிட மோசம், அது பாட்டோடு போகவில்லை. பாட்டு நிதானமாக நடக்க, ஜால்ரா எப்போதும் ஓர் எட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

நர்சம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பாட்டு ஒரு பக்கம் போவுது, இவ ஒரு பக்கம் ஓடறா. எவ இவ? தாளம்னா இன்னான்னு தெரியாதவ கையில குடுத்து வச்சிக்கீறான். இவளால எங்கம்மா குரல் காதுல வியமாட்டேங்குது" என்றார். நாலைந்து நாள் கேட்டார். கேட்கக் கேட்கக் கோபம் ஏறியது. சாலையில் என்னைப் பார்த்தால்கூட, "அந்த அவசரக்காரி இன்னிக்கும் பேஜார் பண்றா தம்பி" என்பார். கடைசியில் இந்தப் பெட்டியும் வேண்டாம் என்றார். திருப்பி அனுப்பக் காரணம் கேட்டு இணையத்தில் ஒரு பட்டியல் வரும். உடைந்திருந்தது, நிறம் வேறு, அளவு சரியில்லை என்று இருக்கும். தாளம் தப்பு என்று ஒரு காரணம் அதில் இல்லை. நிறம் வேறு என்று போட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக வந்ததுதான் வால்வு வைத்த பெட்டி. எனக்குப் பிடித்த பெட்டி அதுதான், ஒளிக்க என்ன இருக்கிறது. மேலே இரண்டு கண்ணாடிக் குழாய்கள், உள்ளே தணல் மாதிரி மங்கலாக எரியும். ஜால்ரா எங்கோ அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. பெண்கள் குரல் எல்லாம் ஒன்றாகக் கலந்து வெல்லப்பாகு மாதிரி வழிந்தது. எனக்குச் சங்கீதம் தெரியாது, சபைப் பாட்டும் தெரியாது, கேட்டுக்கொண்டே உட்காரலாம் போல் இருந்தது. நர்சம்மா நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழம அண்ணனும் தொத்தாவும் வராங்க. நீயும் வந்துடு" என்றார்.

தொத்தா என்பது அவர் அம்மாவின் தங்கை. மதுராந்தகம் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தொட்ட வயசு, கண் மங்கல், காது மட்டும் கெட்டி. மெட்ராசுக்குப் போன அந்த வேனில் இருந்தவர்களில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பாடு முடிந்து, கழனிக்காரர் மோட்டாரை நிறுத்திய பிறகு, எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தோம். நர்சம்மா முள்ளை வைத்தார்.

பாட்டு வழிந்தது. முதல் சரணம் முடிவதற்குள் அண்ணன் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். "அம்மா... தோ, தோ இது அம்மா தான்" என்றார். தொத்தாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். என் கண்ணிலும் தண்ணீர். இத்தனை நாள் அலைந்தது வீண்போகவில்லை, பெட்டி அமைந்துவிட்டது என்று நினைத்தேன். நர்சம்மா அழவில்லை. புனலில் காதை வைத்திருந்த அன்றைய முகம்தான் அப்போதும். முள்ளைத் தூக்கினார்.

"தொத்தா, எது அம்மா?"

"எல்லாந்தாம்மா."

"எல்லாம் எப்டி அம்மாவாவும்? உன் காதுல வியுந்துதா?"

அண்ணன், "வுடேன்மா, கெயவிய போட்டு குடையாத. அம்மா பாடுறாங்க, கேட்டுக்கினு சந்தோசமா இருக்க மாட்டியா?" என்று கெஞ்சினார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. நர்சம்மா என் பக்கம் திரும்பி, "அந்தச் சோப்பு டப்பா இன்னும் உங்கடையில தான கீது?" என்றார். கூரியர் வந்து எடுத்துப் போகவில்லை, இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கொண்டுவந்தேன். ஒயரை மாற்றும்போது மனசு வரவில்லை. அந்த விளக்கு அணைவதைப் பார்த்துக்கொண்டே மாற்றினேன்.

மறுபடி பாட்டு. இந்த முறை பாகு இல்லை. ஒவ்வொரு குரலும் தனித்தனியாக நின்றது, ஒருத்திக்கு மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஜால்ரா ஆணி அடித்தது. நர்சம்மா தொத்தாவின் காலருகே தரையில் உட்கார்ந்துகொண்டார். "சொல்லு. இது யாரு?" தொத்தா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவராகச் சொன்னார். மேலே போகிறவள் டீச்சரம்மா. மூக்கால் பாடுகிறவள் மேட்டுத்தெரு மருமகள். கட்டைக்குரல் உபதேசியார் சம்சாரம். இந்த நடுக்குரல் நான்தான், அப்போது எனக்குக் குரல் இருந்தது. இப்படியே போய், பாட்டில் இருந்த குரல்கள் தீர்ந்துபோயின. பாட்டும் முடிந்தது. முள் ஓரத்தில் சரசரத்துக்கொண்டிருந்தது.

"அம்மா?" என்றார் நர்சம்மா.

"உங்கம்மா பாடல பாப்பா" என்றார் தொத்தா.

அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். தொத்தா அவரைப் பார்க்காமல் சொன்னார்: "அவளுக்கு நடவு குரலு. இந்தக் கழனில பாடுனா அந்தக் கழனில கேக்கும். நாங்க பாடறதே அமுங்கிடுதுன்னு பாட்டு சொல்லிக் குடுத்தவரு, நீ பாடாதம்மான்னுட்டாரு. அவ்ளோ தூரம் வந்துட்டாளேன்னு கையில தாளத்த குடுத்தாரு."

நர்சம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த ஜால்ராக்காரியை அவர் என்னென்ன சொன்னார் என்று இந்த ஊரில் என்னைவிட அதிகம் கேட்டவன் யாரும் கிடையாது.

நர்சம்மா, "தாளம் தப்பு தொத்தா" என்றார். சண்டைக்குச் சொன்னதில்லை. அம்மாவாக இருந்தாலும் காதில் விழுந்ததை மாற்றிச் சொல்ல அவரால் முடியாது.

"தப்பு தான்" என்றார் தொத்தா. "அவரு மெதுவா, மெதுவான்னு சொல்லிக்கினே தான் இருந்தாரு. அவ எங்க கேட்டா. காலையில முடிஞ்சிடும்னு இட்டுக்கினு போனாங்க, பொயுது சாயுது, இன்னும் வுடல. உங்க ரெண்டு பேரையும் வூட்ல வச்சி வெளிய கொக்கி மாட்டிட்டு வந்துட்டா. நீ கைக்கொயந்த. பாட்டு சீக்கிரம் முடிஞ்சா வண்டி சீக்கிரம் கெளம்பும்னு போட்டுத் தள்ளறா."

அண்ணன் உட்கார்ந்துவிட்டார். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை இரண்டையும் முகத்தில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, "அப்போ அம்மா பாடவே இல்லியா? அந்த ரெக்கார்டுல அம்மாவே இல்லியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நர்சம்மா எழுந்து போய் முள்ளைத் தட்டின் ஆரம்பத்தில் வைத்தார். சத்தத்தை ஏற்றினார். ஜால்ரா கூடம் முழுக்க அடித்தது, பாட்டை விட்டுவிட்டு, ஓர் எட்டு முன்னால். அவர் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாடலண்ணா. அயுவாத, கேளு. நம்மள பாக்க வூட்டுக்கு ஓடி வந்துக்கினு கீறாங்க."

சோப்பு டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு, விளக்கு எரிகிற பெட்டியை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.